கீலுக்குள்ள போற அந்த ஸ்ட்ரிப் பத்தி யாருமே பேசலையே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல மடக்கு போன் பத்தி ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பக்கம் முழுக்க ஸ்க்ரீன் ஸ்க்ரீன்னே ஓடுது. நடுவுல கோடு தெரியுதா, கண்ணாடி எவ்ளோ மெல்லிசு, எத்தன தடவ மடக்கலாம், இதான். கீல் பத்தி ரெண்டே வரி, அதுவும் உறுதியா இருக்குன்னு. அந்தக் கீல தாண்டி ஒரு பாதியிலேர்ந்து இன்னொரு பாதிக்கு கரண்டும் சிக்னலும் எப்படி போகுது, அத கொண்டு போற மெல்லிசான ஸ்ட்ரிப் என்னன்னு ஒரு வார்த்த கூட காணோம். நான் இருபது வருஷத்துக்கு மேல மொபைல் ரிப்பேர் பாக்குறவன், என் கண்ணுக்கு அந்தப் பக்கத்துல வீட்டப் பத்தி எல்லாம் எழுதிட்டு தண்ணிக் குழாய மட்டும் விட்ட மாதிரி இருந்துச்சு, அதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், வெட்டிப் போட்டாலும் பரவால்ல.

மடங்குற போன் ஒண்ணும் புது விஷயம் இல்ல சார். மோட்டோரோலா 1989-லயே மைக்ரோடாக்னு ஒண்ணு விட்டான், கீழ ஒரு மூடி மடங்கி கீபேட மூடிக்கும். அப்புறம் 1996-ல ஸ்டார்டாக், போனே ரெண்டா மடங்குச்சு. 2004-ல ரேசர் வி3 வந்ததுக்கப்புறம் கேக்கவே வேணாம், எல்லார் கையிலயும் டப்பு டப்புன்னு மூடுற சத்தம்தான். நான் தொழில் கத்துக்கிட்டதே அந்த டைம்லதான், ஃபிளிப் போன் ரிப்பேருக்கு வந்தா தொறக்குறதுக்கு முன்னாடியே எங்க குருநாதர் ஸ்ட்ரிப்பா இருக்கும்டாம்பாரு, நெறைய தடவ அதுவாத்தான் இருக்கும்.

ஒரு பெரியவர் கேஸ் இன்னும் ஞாபகம் இருக்கு. அவர் போன முழுசா தொறந்தா காதுல சத்தம் வராது, முக்கால்வாசி தொறந்து புடிச்சா நல்லா கேக்கும். மனுஷன் அத ரிப்பேருக்கே கொண்டு வரல, தலைய சாய்ச்சு பேசிப் பேசி பழகிக்கிட்டாரு. கடைசில டிஸ்ப்ளேவும் வெள்ளையா போனப்பதான் வந்தாரு, வந்து "தம்பி இத்தன நாளா போன் நல்லாத்தான் இருந்துச்சு, கழுத்துதான் வலி"ங்குறாரு. மைக்ரோஸ்கோப்ல வெச்சு பாத்தா ஸ்பீக்கருக்கு போற செம்பு லைன்ல முடி மாதிரி ஒரு விரிசல். ஒரு கோணத்துல ரெண்டு முனையும் தொட்டுக்கும், இன்னொரு கோணத்துல விலகிடும், அவ்ளோதான் கத. மீட்டர்ல கன்டினியூட்டி, அதாவது லைன் அறுகாம இருக்கான்னு, பாத்தா கூட நேரா வெச்சு பாத்தா பீப் அடிக்கும், மடக்கிக்கிட்டே பாத்தாத்தான் பீப் நிக்கும். புதுசா தொழிலுக்கு வர்ற பசங்க இதுல ஏமாந்துருவாங்க, ஸ்ட்ரிப் நல்லாருக்குண்ணேன்னு சொல்லிட்டு போர்ட ஹீட் பண்ணப் போயிருவாங்க, நல்லா இருந்த போர்டும் போச்சு.

அந்த ஸ்ட்ரிப்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு சொல்றேன். ஃப்ளெக்ஸ்னும் சொல்லுவோம். ஆரஞ்சு பழுப்பு கலர்ல பேப்பர் மாதிரி வளையுமே அதேதான். பாலிஇமைடுன்னு ஒரு பிளாஸ்டிக் ஃபிலிம், வழக்கமா 25 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் சேந்தா ஒரு மில்லிமீட்டர்), இல்லன்னா 12.5 மைக்ரான் கனம், அது மேல 18 மைக்ரான் இல்ல 12 மைக்ரான் கனத்துல செம்பு லைன், அதுக்கு மேல திரும்ப ஒரு ஃபிலிம் மூடி. தலைமுடி கனம் சுமாரா 70 மைக்ரான்னு வெச்சுக்கங்க, அதுல நாலுல ஒரு பங்கு செம்பு, அத நம்பித்தான் மொத்த போனும்.

ஆரம்பத்துல கீல தாண்டவேண்டிய லைனே கம்மி. அந்த மைக்ரோடாக்ல கூட பின்னாடி வந்ததுல மைக்க மூடியிலேர்ந்து எடுத்து அடிப்பாகத்துலயே வெச்சுட்டான், மூடி சும்மா மூடியாத்தான் இருந்துச்சு. ரொம்ப புத்திசாலித்தனம்னு நான் நெனப்பேன், கீல தாண்டாத லைன் அறுந்து போகாது பாருங்க. ஆனா டிஸ்ப்ளே மேல் மூடிக்கு போச்சு, கலர் வந்துச்சு, வெளிய ஒரு குட்டி டிஸ்ப்ளே, கேமரா, ஃப்ளாஷ்னு ஒண்ணொண்ணா மேல ஏறிடுச்சு. அப்பல்லாம் டிஸ்ப்ளேக்கு டேட்டா 16 லைன், 18 லைன்னு பக்கத்துல பக்கத்துல போகும், கூட க்ளாக், பவர், கிரவுண்ட், கேமராவுக்கு தனி. ஒரு சின்ன கீல் ஓட்டைக்குள்ள இவ்ளோத்தையும் நுழைக்கணும். ஸ்ட்ரிப் அகலமாச்சு, ரெண்டு லேயர் ஆச்சு, கனமாச்சு, கனமானா சீக்கிரம் ஒடியும். இந்தத் தொல்லைலேர்ந்து தப்பிக்கத்தான் லைன கொறச்சு வேகத்த கூட்டுற சீரியல் இன்டர்ஃபேஸ் வந்துச்சு. குவால்காம் எம்டிடிஐன்னு ஒண்ணு கொண்டு வந்தான், மொபைல் கம்பெனிங்க சேந்து 2003-ல ஆரம்பிச்ச மிப்பி கூட்டமைப்போட டிஎஸ்ஐங்கிற முறைதான் கடைசில நிலைச்சுது. லேன்னா சிக்னல் போற ஒரு பாதை, ஒரு லேனுக்கு ரெண்டு ஒயர், நாலு டேட்டா லேன் ஒரு க்ளாக் லேன்னா மொத்தம் பத்தே ஒயர்ல பெரிய டிஸ்ப்ளேவே ஓடும். ஆனா ஒரு இழவு, பழைய பேரலல் லைன்ல ஒண்ணு அறுந்தா கலர் மாறும் இல்ல கறை மாதிரி தெரியும், ஓட்டிக்கலாம். இதுல ஒரு ஒயர் போனா படமே வராது.

சரி ஏன் ஒடியுது? ஒரு கம்பிய முன்னயும் பின்னயும் வளைச்சா ஒடியும், அது எல்லாருக்கும் தெரியும். கணக்கு பாத்தீங்கன்னா 0.1 மில்லிமீட்டர் கனம் உள்ள ஸ்ட்ரிப்ப 2 மில்லிமீட்டர் ரேடியஸ்ல வளைச்சா வெளிப்பக்கம் கிட்டத்தட்ட 2.4 சதவீதம் இழுபடும், உள்பக்கம் அதே அளவு சுருங்கும். சரியா நடுவுல மட்டும் இழுப்பும் இல்ல சுருக்கமும் இல்ல. அதனாலதான் செம்ப நடுவுல வெச்சு மேலயும் கீழயும் ஒரே கனத்துல ஃபிலிம் போடுறது, அந்த மேல் ஃபிலிம் சும்மா பாதுகாப்புக்குன்னு நெனச்சா தப்பு. வளையுற எடத்துல ஒரு லேயருக்கு மேல இருக்கக்கூடாது, ரெண்டு மூணு வேணும்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம தனித்தனியா விடணும், புத்தகத்துப் பக்கம் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கிக்கும். ஒட்டிட்டா அது அட்டை மாதிரி ஆகி ஒடிஞ்சிரும். அந்த எடத்துல துளை இருக்கக்கூடாது, லைன் சட்டுனு திரும்பக்கூடாது, அகலம் திடீர்னு மாறக்கூடாது.

செம்புலயே ரெண்டு ஜாதி இருக்கு. ரோலர்ல அழுத்தி தட்டையாக்குன செம்பு, அதுல உள்ள மணி மணியான அமைப்பு படுத்த வாக்குல நீளமா இருக்கும், விரிசல் ஒண்ணு வந்தாலும் சுத்தி சுத்தி போய் நேரம் எடுக்கும். இன்னொண்ணு கரண்ட் விட்டு படிய வெச்ச செம்பு, அதுல மணியெல்லாம் நிமிந்து நிக்கும், விரிசல் நேரா கீழ வரைக்கும் போயிரும். ரெண்டையும் கையில குடுத்தா எனக்கே வித்தியாசம் தெரியாது. மார்க்கெட்ல வர்ற டூப்ளிகேட் ஸ்ட்ரிப் ஏன் கொஞ்ச நாள்லயே திரும்பி வருதுன்னா இந்த ரெண்டாவது செம்பாத்தான் இருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம், லேப்ல வெச்சு பாத்ததில்ல, சந்தேகம்தான்.

அடிக்கடி வளையுற ஸ்ட்ரிப்புக்கு வளைவோட ரேடியஸ் கனத்தப் போல 100 மடங்கு இருக்கணும்னு டிசைன் பண்றவங்க ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. 0.1 மில்லிமீட்டர் ஸ்ட்ரிப்புக்கு 10 மில்லிமீட்டர். கீலுக்குள்ள அவ்ளோ எடமே இருக்காது, அப்புறம் எப்படி? இங்கதான் அந்தக் காலத்து ஆளுங்களோட மூளைய பாராட்டணும். வளைஞ்சிருக்குறதால செம்பு சாகாது, வளைவு மாறி மாறி வர்றதாலதான் சாகும். அதனால ஸ்ட்ரிப்ப கீலோட அச்சுல ஒண்ணு ஒண்ணரை சுத்து சுருட்டி விட்டாங்க. போன தொறந்தா சுருள் கொஞ்சம் இறுகும், மூடினா கொஞ்சம் தளரும், மாத்தம் மொத்த நீளத்துலயும் பரவிடும், ஒரே எடத்துல மடிப்பு விழாது. கார் ஸ்டீயரிங்குக்குள்ள ஏர்பேகுக்கும் ஹாரனுக்கும் க்ளாக் ஸ்பிரிங்னு ஒரு பட்டை சுருள் போகுமே, ஸ்டீயரிங்க எத்தன சுத்து சுத்துனாலும் அறுகாம, அதே வித்ததான். ஸ்க்ரீன மடக்கவும் செஞ்சு பக்கவாட்டுல திருப்பவும் செய்யுற ரெட்ட கீல் போன் சில இருந்துச்சு, அதுல ஸ்ட்ரிப்பால ரெண்டு பக்கமும் முறுக தாங்க முடியாதுன்னு முடி மாதிரி மெல்லிசான கோஆக்சியல் ஒயர கட்டுகட்டா கீல் நடுவுல விட்டிருப்பாங்க. அத பிரிச்சு திரும்ப மாட்டுற அன்னிக்கு வேற எந்த வேலையும் ஓடாது.

சில பேர் கேப்பாங்க, எதுக்குண்ணே இவ்ளோ கஷ்டம், கீலே உலோகந்தானே, அதுலயே கரண்ட விட்டா என்னன்னு. நல்ல கேள்விதான். ஆனா கீல்ங்கிறது ஒண்ணோட ஒண்ணு உரசுற பொருள், உரசுற எடத்துல ரெசிஸ்டன்ஸ் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், எண்ணெய் அழுக்கு சேந்தா இன்னும் மோசம், டிஸ்ப்ளே டேட்டா போற வேகத்துக்கு அந்த கரகரப்பு ஆகவே ஆகாது. மேல கீல் மொத்தமும் ஒரே உலோகம், அதுல ஒரு கனெக்சன்தான் கெடைக்கும், அத கிரவுண்டுக்குத்தான் வெச்சுக்க முடியும். அந்த கிரவுண்டும் ஒழுங்கா தொடணும், தொட்டும் தொடாம இருந்தா ஆன்டெனா கெட்டுடும், போன் தொறந்திருக்கும்போது ஒரு மாதிரி டவர் காட்டும், மூடியிருக்கும்போது வேற மாதிரி காட்டும். ரெண்டு பாதிக்கும் நடுவுல வயர்லெஸ்ல பேசிக்கட்டும்னும் ஒருத்தர் சொன்னாரு, டேட்டா வேணா பேசிக்கலாம், பவருக்கு என்ன பண்றது, கடைசில செம்புதான்.

இப்ப வர்ற மடக்கு போனுக்கு வருவோம். ஸ்க்ரீன் ஒரே துண்டு, அதனால கீல்ல ஒயரே இல்லன்னு நெறைய பேர் நெனச்சுக்கிட்டிருக்காங்க, இல்ல சார். மெயின் போர்டு ஒரு பாதியில, பேட்டரி ரெண்டா பிரிச்சு பாதிக்கு ஒண்ணு, ஸ்பீக்கர், கேமரா, வெளி டிஸ்ப்ளே, ஆன்டெனா எல்லாம் அங்கயும் இங்கயும் கெடக்கும். இதெல்லாத்தையும் சேக்குறது ஸ்க்ரீனுக்கு அடியில கீல தாண்டி போற அதே ஸ்ட்ரிப்தான். பழைய ஃபிளிப்ல சிக்னலும் மேல் மூடிக்கு வேண்டிய கொஞ்சம் பவரும்தான் போச்சு, இதுல பேட்டரி சார்ஜும் போகுது. 1 மில்லிமீட்டர் அகலம், 40 மில்லிமீட்டர் நீளம், 18 மைக்ரான் கனம் உள்ள செம்பு லைன்னா கிட்டத்தட்ட 0.04 ஓம் வரும், 2 ஆம்பியர் போனா 0.08 வோல்ட் அதுலயே போச்சு, கிரவுண்டுல திரும்பி வர்றதையும் சேத்தா டபுள். அகலத்த கூட்டலாம், எடம் இல்ல. கனத்த கூட்டலாம், ஒடிஞ்சிரும். அதனால நாலஞ்சு லைன பேரலலா விடுவாங்க, அதுல ஒண்ணு அறுந்தா உடனே எதுவும் தெரியாது, மிச்ச லைன் பாரத்த சுமக்கும், சார்ஜ் மட்டும் கொஞ்சம் மெதுவா ஏறும், சூடாகும். கஸ்டமர் பேட்டரி போச்சுன்னு பேட்டரிய மாத்துவாரு.

தண்ணி விஷயமும் இதோட சேந்ததுதான். 2021 ஆகஸ்ட்ல சாம்சங் இசட் ஃபோல்டு 3-க்கு ஐபிஎக்ஸ்8 குடுத்தான், ஒன்றரை மீட்டர் நல்ல தண்ணியில அரை மணி நேரம். கீலுக்குள்ளயே தண்ணி வராதுன்னு அர்த்தம் இல்ல, கீலுக்குள்ள தண்ணி போகத்தான் செய்யும், ரெண்டு பாதியையும் தனித்தனி டப்பா மாதிரி சீல் பண்ணி, ஸ்ட்ரிப் டப்பாவுக்குள்ள நுழையுற எடத்துல பசை மாதிரி ஒண்ண ஊத்தி அடைச்சிருக்காங்க. வளையணும், இழுபடணும், ஆனா தண்ணி மட்டும் போகக்கூடாது, நெஜமாவே நல்ல வேலை. ஆனா ஒரு தடவ ஸ்ட்ரிப்ப கழட்டுனா அந்த அடைப்பு போச்சு, அதுக்கப்புறம் தண்ணி காட்டாதீங்கன்னு சொல்லித்தான் நான் போன குடுப்பேன். தூசி கொஞ்சமும் உள்ள போகாதுங்குற நம்பர் குடுக்க இன்னும் சில வருஷம் ஆச்சு, 2025-ல வந்த கூகுள் பிக்சல் 10 ப்ரோ ஃபோல்டுக்குத்தான் ஐபி68, அதுல 6 தூசிக்கு, 8 தண்ணிக்கு. 2019 ஏப்ரல்ல மொத கேலக்சி ஃபோல்டு ரிவ்யூ பண்றவங்க கையிலயே பாழாகி, வெளியீடு செப்டம்பர் வரைக்கும் தள்ளிப்போச்சு ஞாபகம் இருக்கா, மேல் ஃபிலிம உரிச்சது ஒரு பக்கம்னா கீல் இடுக்குல தூசி போனது இன்னொரு பக்கம். அடுத்த வருஷம் இசட் ஃபிளிப்ல கீலுக்குள்ள நைலான் நாரு வெச்சாங்க, பிரஷ் மாதிரி. தூசி ஸ்க்ரீன குத்துனா வெளிய தெரியும், ஸ்ட்ரிப்ப உரசுறது யாருக்கும் தெரியாது.

மெஷின்ல 2 லட்சம் தடவ மடக்கி டெஸ்ட் பண்ணதுன்னு கம்பெனிக்காரங்க சொல்ற அந்த 2 லட்சம் மடிப்பு கணக்கு, உங்க கட்டுரையிலயும் இருந்துச்சு. ஒரு நாளைக்கு 100 தடவ மடக்குனா அஞ்சரை வருஷம் வரும், கணக்கு சரிதான். ஆனா மெஷின் எப்படி மடக்குது பாத்தீங்களா, ரெண்டு பக்கமும் சமமா புடிச்சு, ஒரே வேகத்துல, நேரா. மனுஷன் ஒத்த கையில கட்டைவிரல விட்டு நெம்புவான், ஒரு மூலையில அழுத்தி மூடுவான், லேசா முறுகும், ஸ்ட்ரிப் ஒரு ஓரமா இழுபடும். என் டேபிளுக்கு வர்ற ஒடிஞ்ச ஸ்ட்ரிப்ல விரிசல் பெரும்பாலும் ஒரு ஓரத்து லைன்லதான் ஆரம்பிச்சிருக்கு, நடுவுல இல்ல. மெஷின் அந்த மாதிரி ஒடிச்சிருக்காதுன்னு நெனக்கிறேன். இப்ப ரெண்டு கீல் வெச்சு மூணா மடக்குற போனும் வந்தாச்சு, ஹுவாவே மேட் எக்ஸ்டி, 2024 செப்டம்பர்ல. ஒரு கீல் உள்ளாரயும் ஒரு கீல் வெளியவும் மடங்கும், அதுல போற ஸ்ட்ரிப்ப நெனச்சா எனக்கு பாவமா இருக்கு.

இவ்ளோ நேரம் சொன்னதெல்லாம் எதுக்குன்னா, ஸ்ட்ரிப் ஒடியுறது குத்தம் இல்ல சார். வளையுற பொருள் ஒரு நாள் ஒடியத்தான் செய்யும். என் ஆத்திரமெல்லாம் ஒடிஞ்சத மட்டும் மாத்த விடாத டிசைன் மேலதான். போன மாசம் ஒரு மடக்கு போன் வந்துச்சு, கம்பெனி பேரு வேணாம், பாதி தொறந்தா ஒரு பக்கத்து ஸ்பீக்கர் வேலை செய்யாது. சர்வீஸ் சென்டர்ல டிஸ்ப்ளேவோட மொத்த செட்டும் மாத்தணும்னு சொல்லிட்டாங்களாம். ஸ்க்ரீன் பளபளன்னு இருக்கு, கீல் கல்லு மாதிரி இருக்கு, ஒரு விரல் நீள பட்டை போனதுக்கு எல்லாத்தையும் தூக்கிப் போடணுமாம். ஏன்னா அந்த ஸ்ட்ரிப்ப தொடணும்னா ஒட்டுன ஸ்க்ரீன உரிக்கணும், மெல்லிசு ஸ்க்ரீன உரிச்சா பத்துல ஒம்பது தடவ அது செத்துரும். நானும் அத தொடல, பயமாத்தான் இருந்துச்சு.

லேப்டாப்புலயும் இதே கூத்து நடந்துச்சு. ஆப்பிளோட 2016 மேக்புக் ப்ரோல ஸ்க்ரீன் பேக்லைட் ஸ்ட்ரிப் கீல சுத்தி போகும், நீளம் பத்தாம மூடித் தொறக்க இழுபட்டு ஒடிஞ்சுது, ஸ்க்ரீன் அடியில மேடை லைட் மாதிரி திட்டுத்திட்டா வெளிச்சம் வரும். 2018 மாடல்ல ஸ்ட்ரிப்ப 2 மில்லிமீட்டர் நீளமாக்குனாங்க, ரெண்டே ரெண்டு மில்லிமீட்டர். ஆனா பழைய மாடல்ல ஸ்ட்ரிப் டிஸ்ப்ளேவோட ஒண்ணா பின்னியிருந்ததால மொத்த டிஸ்ப்ளேவையும் மாத்த வேண்டியதாச்சு, 2019 மே மாசம்தான் 13 இன்ச்சுக்கு இலவசமா மாத்தித் தர்றோம்னாங்க. கேக்குறதுக்கு ஜனங்க கூடி சத்தம் போட வேண்டியிருந்துச்சு.

ஐரோப்பிய யூனியன்ல 2025 ஜூன் 20-லேர்ந்து ஒரு ரூல் வந்திருக்கு, போனோட உதிரி பாகம் அந்த மாடல் விக்கிறத நிறுத்துனப்புறமும் ஏழு வருஷம் கெடைக்கணும்னு, மடக்கு போனோட கீலும் அந்தப் பட்டியல்ல இருக்கு. சந்தோஷம். ஆனா கீல் வேற, கீல தாண்டுற ஸ்ட்ரிப் வேற, அத தனி பாகமா விக்கணும், ஸ்க்ரீன உரிக்காம பின்பக்கத்துலேர்ந்தே கழட்டி மாட்டுற மாதிரி வழி விடணும். முடியாத காரியம் இல்ல, பழைய ஃபிளிப் போன்ல நாலு ஸ்க்ரூவ கழட்டி, கீல் பின்ன உள்ள தள்ளி, ரெண்டு பக்கமும் கனெக்டர நெம்பி எடுத்தா ஸ்ட்ரிப் கையோட வந்துரும், அரை மணி நேர வேலை, பேச்சுக் குடுத்துக்கிட்டே முடிச்சுருவோம்.

உங்க நிருபர் அடுத்த மடக்கு போன் அறிமுக விழாவுக்கு போனா நடுக்கோட்ட பத்தி கேக்குறத மத்தவங்க பாத்துக்குவாங்க, அவர இத மட்டும் கேக்கச் சொல்லுங்க. கீல்ல எத்தன ஸ்ட்ரிப் போகுது, அந்த 2 லட்சம் மடிப்பு டெஸ்ட் ஸ்ட்ரிப்போட செஞ்சதா ஸ்க்ரீனுக்கு மட்டுமா, ஒடிஞ்சா தனியா மாத்தலாமா. பதில் என்ன வருதோ அத அப்படியே அச்சடிங்க.

இப்படிக்கு,
மொபைல் சர்வீஸ் டெக்னீசியன் ஒருவர்

பி.கு. வாசகர்கள்ல யாருக்காவது போன ஒரு குறிப்பிட்ட கோணத்துல வெச்சா மட்டும் ஸ்க்ரீன் மினுக்குது, சத்தம் அறுகுதுன்னா, சாஃப்ட்வேர்னு நெனச்சு ரீசெட் போட்டுராதீங்க. நல்லா வேலை செய்யுற கோணத்துல தொறந்து வெச்சு, மடக்காம, மொதல்ல போட்டோ நம்பர் எல்லாத்தையும் பேக்கப் எடுத்துருங்க. மூடிட்டு அப்புறமா தொறக்கும்போது படம் வரும்னு நிச்சயம் இல்ல.